மூன்று சாலைகள், மூன்று ஓடுதளங்கள்

திருச்சி–புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் கீரனூர்ப் பக்கம், நார்த்தாமலைக் குன்றுகள் கண்ணில் படும் அம்மாசத்திரம் அருகே, 2025 நவம்பரில் ஒரு பயிற்சி விமானம் சாலையிலேயே இறங்கியது. சேலத்திலிருந்து கிளம்பிய செஸ்னா 172 அது. ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கை. விமானத்தின் முன்பகுதி சேதமடைந்தது. உள்ளே இருந்த இருவரும் தப்பினார்கள். வழியில் போனவர்கள் கைபேசியில் எடுத்த படங்கள் அன்று மாலைக்குள் தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டன. இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து யாராவது இந்த நிகழ்வைத் தேடி வந்தால், இடம், நாள், நேரம், விமானத்தின் வகை என்று எதற்கும் அலைய வேண்டியிருக்காது.

இதே வட்டாரத்தில் எண்பது ஆண்டுகளுக்கு முன்பு விமானங்கள் நாள்தோறும் இறங்கி ஏறின. அவற்றைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

புதுக்கோட்டை நகரிலிருந்து வெளியே போகும் பெரிய சாலைகளில் மூன்றை எடுத்துக்கொள்வோம். வடக்கே போகும் திருச்சிச் சாலை, திருச்சி விமான நிலையத்தின் மதிலை ஒட்டி நகருக்குள் நுழைகிறது. வடகிழக்கே போகும் தஞ்சாவூர்ச் சாலையில், நகரத்தைத் தொடுவதற்கு முன்பே விமானப் படைத் தளம் வந்துவிடும். தெற்கே திருமயம் வழியாகக் காரைக்குடிக்குப் போகும் சாலையில், மாவட்ட எல்லையைத் தாண்டியதும் கானாடுகாத்தான், செட்டிநாடு. அங்கே அரசின் கால்நடைப் பண்ணை நிலத்துக்குள் ஒரு பழைய ஓடுதளம் கிடக்கிறது. இந்த மூன்று தளங்களும் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைகளுக்குப் பயன்பட்டவை. ஒன்று பன்னாட்டு விமான நிலையமாக வளர்ந்தது. ஒன்று சுகோய் போர் விமானங்களின் இருப்பிடமானது. ஒன்றில் மாடு மேய்கிறது. நடுவில் இருக்கும் புதுக்கோட்டை மாவட்டத்துக்கென்று ஒரு விமான நிலையம் இல்லை. ஆனாலும் சுற்றிலும் உள்ள தளங்களின் கதையில் இந்த மாவட்டத்து மக்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பதே என் துணிபு. தளங்களின் உருவம் நிலத்தில் இன்னும் இருக்கிறது. வானிலிருந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம். அவற்றைக் கட்டியவர்கள், நிலம் கொடுத்தவர்கள், அண்ணாந்து பார்த்தவர்களின் நினைவு அப்படி நிலத்தில் தங்குவதில்லை.

தென்னிந்தியாவில் இத்தனை தளங்கள் முளைத்ததற்குக் காரணம் 1942. அவ்வாண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது, மார்ச்சில் ரங்கூன். ஏப்ரல் 5ஆம் நாள் ஜப்பானியக் கப்பற்படையின் விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும். 9ஆம் நாள் திருகோணமலை. அந்தக் கப்பற்படை வருவதை முதலில் கண்டு செய்தி அனுப்பியவர் கனடா நாட்டு விமானி லியோனார்ட் பிர்ச்சால். காலிக்கு அருகே கொக்கல ஏரியிலிருந்து கேட்டலினா என்ற பறக்கும் படகில் புறப்பட்டவர் அவர். சென்னை நகரமே காலியானது அந்த ஏப்ரலில்தான். சென்னைவாசிகள் சொந்தபந்தம் இருந்த உள்மாவட்டங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அதற்குச் சற்று முன்பே, 1942 மார்ச்சில், இந்தியாவெங்கும் 200க்கும் மேற்பட்ட விமானத் தளங்களை அமைக்கும் திட்டம் தீட்டப்பட்டிருந்தது. அவ்வளவு தளங்களை அமைக்கத் தேவையான புல்டோசர்களும் ரோலர்களும் அன்று இந்தியாவில் இல்லை. ஒப்பந்தக்காரர்கள் ஆள் பிடித்தார்கள். ஆணும் பெண்ணுமாக ஆயிரக்கணக்கானோர் மண் வெட்டி, கல் உடைத்து, கூடையில் தலைச்சுமையாகச் சுமந்து ஓடுதளங்களை உருவாக்கினார்கள். ஓடுதளம் என்பது ஒரு பொறியியல் சாதனை என்றால், இந்தியாவில் அது முதலில் உடலுழைப்பின் சாதனை.

எந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பார்த்தால், மண் தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயம் உடனே புலப்படும். தஞ்சாவூர் என்றதும் நமக்குக் காவிரிப் படுகையின் வயல்கள் நினைவுக்கு வருகின்றன. விமானத் தளமோ வயல் பக்கம் இல்லை. நகருக்குத் தென்மேற்கே, வல்லத்து மேட்டு நிலத்தை ஒட்டி, செம்மண் பூமியில் இருக்கிறது. அந்தச் செம்மண் மேடுதான் கந்தர்வகோட்டை, ஆலங்குடி வழியாகப் புதுக்கோட்டைக்குள் நீள்கிறது. நஞ்சையில் ஓடுதளம் போட்டால் ஒரு மழைக்காலத்திலேயே சக்கரம் புதையும். செம்புறாங்கல்லும் சரளையும் கலந்த மேட்டில் தண்ணீர் நிற்காது. கல்லுக்கும் தூரம் போக வேண்டாம். நிலத்தை எடுப்பதிலும் சிக்கல் குறைவு: நெல் விளையாத மேய்ச்சல் தரைக்கு இழப்பீடும் குறைவு, எதிர்ப்பும் குறைவு. செட்டிநாட்டிலும் அதே வறண்ட செம்மண். பக்கத்திலேயே திருச்சி–மானாமதுரை ரயில் பாதை, சிமென்டும் பெட்ரோலும் இறங்க ஒரு ஸ்டேஷன். இந்த மூன்று தளங்களுமே அன்றைய புதுக்கோட்டை சமஸ்தான எல்லைக்கு வெளியே, சென்னை மாகாணத்தின் நிலத்தில் அமைந்தன. இது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். மாகாண நிலத்தைப் போர்க்காலத்தில் கையகப்படுத்த இந்தியப் பாதுகாப்பு விதிகள் போதும். மன்னர் ஆளும் பகுதி என்றால் அதற்கு வேறு கடிதப் போக்குவரத்து வேண்டியிருந்திருக்கும்.

தஞ்சாவூர்த் தளத்துக்கு ஒரு ஸ்குவாட்ரனின் கதை உண்டு. ராயல் விமானப் படையின் 36ஆம் ஸ்குவாட்ரன் போருக்கு முன்பு சிங்கப்பூரில் இருந்தது. அதனிடம் இருந்தவை வில்டபீஸ்ட் எனும் இரட்டை இறக்கை விமானங்கள். 1930களின் தொடக்கத்திலேயே சேவைக்கு வந்தவை, வேகம் குறைந்தவை. 1942 ஜனவரி 26 அன்று மலாயாவின் கிழக்குக் கரையில் எண்டாவ் அருகே இறங்கிய ஜப்பானியப் படைகளைத் தாக்க இவற்றையே பட்டப்பகலில் அனுப்பினார்கள். பெரும் உயிரிழப்பு. எஞ்சியவர்கள் ஜாவாவுக்குப் பின்வாங்கினார்கள். மார்ச்சில் அங்கேயும் தோல்வி, சிறை. ஸ்குவாட்ரன் என்று ஒன்று இல்லாமலே போயிற்று. அதே எண்ணில் அதை மீண்டும் உருவாக்கிய இடம் தஞ்சாவூர். நாள் 1942 அக்டோபர் 22. டிசம்பரில் இரட்டை எஞ்சின் வெலிங்டன் விமானங்கள் வந்தன. வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிகளைத் தேடி ரோந்து போவது வேலை. 1943 ஜூனில் அந்த ஸ்குவாட்ரன் அல்ஜீரியாவுக்கு மாற்றப்பட்டது.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிகிறது? ராயல் விமானப் படையின் ஒவ்வொரு ஸ்குவாட்ரனும் அன்றாடச் செயற்பாட்டுப் பதிவேடு ஒன்றை எழுதியாக வேண்டும். எந்த விமானம், யார் ஓட்டினார், எத்தனை மணிக்குக் கிளம்பியது, எப்போது இறங்கியது, வானிலை என்ன என்பவை எல்லாம் அதில் உண்டு. இன்று அவை லண்டனில் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இவை போக, ஒவ்வொரு விமானியின் சொந்தப் பறத்தல் குறிப்பேடும் உண்டு. போர் முடிந்து ஊருக்குப் போனவர்கள் சங்கம் வைத்தார்கள், ஆண்டுதோறும் கூடினார்கள், செய்திமடல் அச்சிட்டார்கள். பிரிட்டனில் 1945 வாக்கில் பயன்பாட்டில் இருந்த தளங்கள் ஏறத்தாழ 700. அவற்றின் எச்சங்களை ஆராய்வதற்காகவே ஆர்வலர்கள் 1977இல் ஒரு குழுவை அமைத்து இன்றுவரை நடத்துகிறார்கள். பிபிசி 2003 முதல் 2006 வரை சாதாரண மக்களின் போர்க்கால நினைவுகளைத் திரட்டியபோது சுமார் 47,000 கதைகள் சேர்ந்தன. அவற்றில் இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்தவர்களுடையவையும் உண்டு. வெயில், கொசு, மழைக்காலச் சேறு, ஊர்ப் பெயரைச் சொல்ல நாக்கு படும் பாடு என்று அவர்கள் எழுதியதைப் படித்துத்தான் நம் ஊர் ஓடுதளத்தின் அன்றைய நாட்களை நாம் கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த நினைவுகளைக் குறை சொல்ல மாட்டேன். அவை இல்லாவிட்டால் இந்தத் தளங்களில் பாதிக்குப் பெயரே இருக்காது. ஆனால் அவற்றில் நம்மவர்கள் வேலையாளாக, சமையற்காரராக, வண்ணாராக, கூட்டத்தில் ஒருவராக மட்டுமே வருகிறார்கள். ஓடுதளத்துக்கு ஜல்லி உடைத்த பெண் அன்று வாங்கிய கூலி என்ன, மேய்ச்சல் நிலத்தை இழந்த ஊர் மாடுகளை எங்கே ஓட்டிப் போயிற்று என்ற கேள்விகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வராது.

இனி, அடையாளம் காணும் வேலைக்கு வருவோம். மறந்துபோன ஓடுதளம் ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது, யாரும் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் அகலம். போர்க்கால ஓடுதளத்தின் வழக்கமான அகலம் 50 கஜம், அதாவது சுமார் 46 மீட்டர். பிரிட்டனில் 1942க்குப் பிறகு குண்டுவீச்சு விமானங்களுக்காக வகுத்த அளவுப்படி முதன்மை ஓடுதளம் 2,000 கஜ நீளம், துணை ஓடுதளங்கள் இரண்டும் 1,400 கஜம். மூன்றும் சுமார் 60 பாகையில் ஒன்றையொன்று வெட்டும். காற்று நாளுக்கொரு திசையில் அடிக்கும் நாட்டுக்கு மூன்று தேவைப்பட்டன. நம் பக்கம் அப்படி இல்லை. கோடையில் தென்மேற்குக் காற்று, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு. இரண்டும் ஒரே கோட்டின் இரு முனைகள். ஒரே ஓடுதளத்தை இரு பக்கமும் பயன்படுத்தினால் ஆண்டு முழுவதையும் ஓட்டிவிடலாம். திருச்சியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று மேற்கிலிருந்து நேராக அடிக்கும். அங்கே ஓடுதளம் கிழக்கு மேற்காக இருக்கிறது. அதன் இரு முனைகளிலும் எழுதியிருக்கும் எண்கள் 09, 27. காந்த ஊசி காட்டும் திசையைப் பத்தால் வகுத்தால் இந்த எண்கள் கிடைக்கும்: 90 பாகை கிழக்கு, 270 பாகை மேற்கு. மதுரையிலும் இதே எண்கள்தான். ஆகவே பெயர் தெரியாத ஒரு நேர்கோடு செயற்கைக்கோள் படத்தில் தெரிந்தால், அது உள்ளூர்க் காற்றோடு ஒத்துப்போகிறதா என்று கேட்க வேண்டும்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் இந்தச் சோதனை மிகவும் அவசியம், ஏனென்றால் இங்கே ஏமாற்றும் நேர்கோடுகள் அதிகம். தைலமரக் காடுகளில் தீத்தடுப்புக்காக விட்டிருக்கும் வெட்டவெளிப் பாதைகள் மேலிருந்து பார்த்தால் அச்சாக ஓடுதளம் போலவே இருக்கும். கைவிட்ட ரயில் கரை, பழைய சாலைத் தடம், துப்பாக்கி சுடும் பயிற்சிக்களம், சூரிய மின்சாரப் பண்ணை எல்லாம் அப்படித்தான். 46 மீட்டர் அகலம், முனையில் விமானம் திரும்பும் அகன்ற பகுதி, பக்கவாட்டில் பிரிந்து போகும் வளைவுப் பாதை, அதன் ஓரத்தில் விமானம் நிறுத்தும் வட்ட மேடை: இவற்றில் குறைந்தது மூன்று சேர்ந்து அமையாத எதையும் நான் ஓடுதளம் என்று ஒப்ப மாட்டேன்.

அடுத்து, காலத்தால் வேறுபட்ட படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது. அமெரிக்க ராணுவத்தின் வரைபடப் பிரிவு 1950களில் இந்தியா முழுவதற்கும் 1:2,50,000 அளவில் வெளியிட்ட வரைபடங்கள் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத்தின் வழியாக எல்லாருக்கும் கிடைக்கின்றன. விமான இறங்குதளங்களை அவை தனிக் குறியிட்டுக் காட்டும். 1960 முதல் 1972 வரை இயங்கிய கொரோனா உளவுச் செயற்கைக்கோள்களின் படங்களை அமெரிக்கா 1995இல் வெளியுலகுக்குத் திறந்துவிட்டது. போர் முடிந்து இருபது ஆண்டுகளே ஆன நிலம் அவற்றில் தெரியும். சீமைக்கருவேலம் மூடுவதற்கு முந்தைய நிலம். அதன்மேல் இன்றைய செயற்கைக்கோள் படத்தை வைத்தால் எது மறைந்தது, எது எஞ்சியது என்று புரிந்துவிடும்.

வெளிநாட்டு ஆர்வலர்களின் கைக்கு எட்டாத மூன்றாவது சான்று நம்மிடம் இருக்கிறது. அது வருவாய்த்துறை ஆவணம். ஒரு கிராமத்தின் அ-பதிவேட்டில் பட்டா நிலமாக இருந்த சர்வே எண்கள் ஒரு தொகுதியாகச் சர்க்கார் நிலமாக மாறியிருந்தால், அதற்கு ஒரு காரணம் இருக்கும், ஓர் ஆணை இருக்கும். புல வரைபடத்தில் வயல்களின் கோணல் எல்லைகளுக்கு நடுவே திடீரென்று நூல் பிடித்த நேர்கோடு ஒன்று ஓடினால், அதை வரைந்தவர் விவசாயி இல்லை. எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறை, வட்டாட்சியர் அலுவலகம் ஆகியவற்றில் பொறுமையாக உட்காரக்கூடிய ஒரு முதுகலை மாணவர், நிலம் யாரிடமிருந்து போனது என்பதை எடுத்துவிட முடியும். ஓடுதளத்தின் வரலாற்றில் இதுவரை எழுதப்படாத பகுதி இதுதான்.

தமிழ்நாட்டின் மற்ற தளங்களுக்குப் போரின் பின் கிடைத்த வாழ்வு பலவிதம். சென்னைக்கு வடக்கே சோழவரத்தின் ஓடுதளம் கார், மோட்டார் சைக்கிள் பந்தயத் திடலாகிப் பல பத்தாண்டுகள் புகழோடு இருந்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய தடம் வந்தபின் ஓய்ந்தது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத் தடமும் ஒரு போர்க்கால விமானத் தளமே. தாம்பரமும் சூலூரும் போரின் இறுதியில் பிரிட்டிஷ் கப்பற்படையின் விமானத் தளங்களாகி வல்லூறு, வைரி என்ற பறவைப் பெயர்களைத் தாங்கின. அரக்கோணம் 1992இல் கடற்படையின் ராஜாளியானது. ராமநாதபுரத்துக்கு அருகே உச்சிப்புளித் தளம் 2009இல் பருந்தானது. வேலூர், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு ஆகியவற்றுக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தில் பயன்பாடற்ற தளங்களின் பட்டியல் வந்தபோது இவற்றின் பெயர்கள் செய்தித்தாளில் தலைகாட்டின. அவ்வூர்களின் இளைஞர்கள் பலர் தங்கள் ஊரில் ஓடுதளம் இருப்பதையே அப்போதுதான் அறிந்திருப்பார்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இன்னொரு நினைவும் உண்டு: வாயுதூத் நிறுவனத்தின் சிறிய விமானங்கள் அங்கிருந்து சென்னைக்குப் பறந்த குறுகிய காலம். பயணிகள் சேராததால் அது நின்றது. 2020 ஜனவரியில் 222ஆம் ஸ்குவாட்ரன் சுகோய் விமானங்களோடு அங்கே நிலைகொண்ட பிறகு, புதுக்கோட்டையின் வடகிழக்குக் கிராமங்களுக்கு ஜெட் விமானத்தின் முழக்கம் பழகிய ஓசையாகிவிட்டது.

1914 செப்டம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தது. சில நிமிடத் தாக்குதல். நூறாண்டு தாண்டியும் அந்தப் பெயர் தமிழ்ப் பேச்சில் உயிரோடு இருக்கிறது. 1942 முதல் 1945 வரை தமிழ்நாட்டின் வறண்ட நிலமெங்கும் இவ்வளவு பெரிய கட்டுமானம் நடந்திருக்க, அது பேச்சில் தங்கவில்லை. இந்தத் தளங்கள் தாக்கப்படவில்லை, போர் வராமலே காத்திருந்து கலைந்தன என்பது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது: அங்கே வேலை செய்தவர்கள் எழுதத் தெரியாதவர்கள். எம்டனைப் பார்த்த சென்னையில் பத்திரிகைகள் இருந்தன.

பறந்த நினைவுகளும் உண்டு. அவையும் சிதறிக் கிடக்கின்றன. சென்னை பறத்தல் கழகத்தைச் சேர்ந்த டின்டேல்–பிஸ்கோ 1935 நவம்பர் 27 அன்று சென்னையிலிருந்து புஸ் மாத் என்ற சிறு விமானத்தில் போய்க் கொழும்பின் ரத்மலானைத் தளத்தில் இறங்கினார். அங்கே இறங்கிய முதல் விமானம் அது. 1938 பிப்ரவரியில் டாட்டா நிறுவனம் கராச்சியிலிருந்து சென்னை, திருச்சி வழியாகக் கொழும்புக்கு விமானத் தபாலைக் கொண்டு போகத் தொடங்கியது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் டகோட்டா ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்தது. பிறகு திருச்சியும் அதன் தடத்தில் சேர்ந்தது. காங்கேசன்துறைக்குப் பக்கத்துப் பலாலித் தளமும் போர்க்காலத்தில் பிரிட்டிஷார் அமைத்ததே. கொழும்பிலும் கண்டியிலும் கடை வைத்திருந்த புதுக்கோட்டை, செட்டிநாட்டுக் குடும்பங்களுக்குத் தனுஷ்கோடிக் கப்பலுக்கு மாற்றாக அந்த டகோட்டா வந்தது. அதில் போனவர்களின் பயணச் சீட்டும் கடிதமும் இன்னும் சில வீடுகளின் தகரப் பெட்டிகளில் இருக்கக்கூடும்.

புதுக்கோட்டையில் 1920இல் பிறந்த ஜெமினி கணேசன் இளம் வயதில் இந்திய விமானப் படையில் சேர விரும்பி டில்லிக்கு நேர்காணலுக்குப் போனவர். அது கைகூடாமல் தாம்பரத்துக் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். அப்படி விண்ணப்பித்துப் போன, தேறிய, தேறாத இளைஞர்கள் சமஸ்தானத்தில் இன்னும் எத்தனை பேரோ. இந்திய விமானப் படை அந்தப் போரில் ஆற்றிய பணியைப் பற்றி கே.எஸ். நாயர் 2019இல் ஒரு நல்ல ஆங்கில நூல் எழுதினார். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களை மையமாக வைத்துத் தமிழில் அப்படி ஒன்று வந்தாக வேண்டும்.

சிதறிய நினைவுகளைத் தொகுக்கும் இந்த வேலைக்கு நமக்குள்ளேயே முன்னோடி இருக்கிறார். செட்டிநாட்டு ஓடுதளத்திலிருந்து சில மைல் தொலைவில் உள்ள கோட்டையூரைச் சேர்ந்த ஏ.கே. செட்டியார். காந்தியைப் பற்றிய ஆவணப் படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்தவர், குமரி மலர் என்ற மாத இதழை நடத்தியவர் என்று அவரைப் பலருக்கும் தெரியும். பழைய இதழ்களில் சிதறிக் கிடந்த தமிழர்களின் பயணக் குறிப்புகளைத் தேடித் தொகுத்தவரும் அவரே. மாட்டு வண்டியில் போனவர், முதல் ரயிலில் ஏறியவர், கால்நடையாக யாத்திரை போனவர் என எல்லாருடைய சொல்லும் அவருக்குச் சான்றாகப் பட்டது. அதே கண்ணோடு விமானப் பயணத்தை யாரும் இதுவரை தொகுக்கவில்லை என்பது எனக்குப் பெருங்குறையாகத் தோன்றுகிறது. அதே கோட்டையூரின் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் அவர் பெயராலேயே நூலகமாக இருக்கின்றன. தேடத் தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

பழையதை மட்டும் சொல்லவில்லை. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து திருச்சி வழியாகப் போகிறவர்கள் ஏராளம். ஒருவர் பயணம் போக, வேன் பிடித்து வீட்டார், பங்காளி, சிநேகிதர் என்று பதினைந்து பேர் வழியனுப்பப் போவது இந்தப் பக்கத்து வழக்கம். முதல் தடவை பறந்த அந்த இரவு, ஜன்னலில் தெரிந்த ஊர் விளக்குகள், பெல்ட் பூட்டத் தெரியாமல் பட்ட சங்கடம், பக்கத்து இருக்கைக்காரர் சொல்லிக் கொடுத்தது என்று எல்லாரிடமும் ஒரு கதை இருக்கிறது; யாரும் கேட்பதில்லை. 2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய போயிங் 737 ஒன்றில் ஹைட்ராலிக் அமைப்பு பழுதானது. அந்த வகை விமானம் எரிபொருளை வானில் கொட்ட முடியாது; எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும். 140க்கும் மேற்பட்டோருடன் அது அன்னவாசல், இலுப்பூர்ப் பக்கத்து வானில் இரண்டரை மணி நேரம் வட்டமடித்து, எட்டேகால் மணியளவில் திருச்சியில் பத்திரமாக இறங்கியது. கீழே நின்று பார்த்தவர்களில் பலருடைய வீட்டிலிருந்து யாரோ ஒருவர் வளைகுடாவில் இருந்திருக்கலாம். விமானியின் திறமையைப் பற்றிச் செய்திகள் வந்தன, நியாயமாகவே. அன்னவாசலில் அன்று மாலை வாசலில் நின்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதும் அந்த நிகழ்வின் வரலாற்றில் ஒரு பகுதி.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. புதுக்கோட்டையில் 1910 முதல் இயங்கும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. ஞானாலயா போன்ற ஆய்வு நூலகம் இருக்கிறது. மன்னர் கல்லூரியில் வரலாற்று மாணவர்கள் இருக்கிறார்கள். திருமயம், கானாடுகாத்தான், கந்தர்வகோட்டை, கீரனூர் வட்டாரங்களில் வயது முதிர்ந்தவர்களைப் பார்த்துப் பேசி ஒலிப்பதிவு செய்ய ஒரு பருவம் போதும். எதைக் கேட்பது என்பதில் கவனம் வேண்டும். “ஏரோடிராம் கட்டினது ஞாபகம் இருக்கா தாத்தா?” என்று கேட்டால் ஆமாம் என்றே பதில் வரும். நிலம் யாருடையது, அதில் என்ன விளைந்தது, கங்காணி எந்த ஊர், கூலி நாளுக்கா கூடைக்கா, கல் எந்தக் குன்றிலிருந்து வந்தது, விமானத்துக்கு எஞ்சின் ஒன்றா இரண்டா, அது வந்த வருஷம் வீட்டில் யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள் என்று கேட்க வேண்டும். எஞ்சின் எண்ணிக்கை விமானத்தின் வகையைச் சொல்லிவிடும். பிறப்பும் இறப்பும் ஆண்டைச் சொல்லிவிடும். ஒருவர் சொன்னதை அடுத்த ஊர்க்காரர் சொன்னதோடும், லண்டனில் இருக்கும் பதிவேட்டோடும், வட்டாட்சியர் அலுவலகத்துச் சர்வே எண்ணோடும் வைத்துப் பார்த்தால் எது நிற்கும், எது விழும் என்று தெரிந்துவிடும்.

இதைப் படிப்பவர்கள் வீட்டில் அந்த வயதில் யாராவது இருந்தால், தயவுசெய்து இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதி, தேதி போட்டு, அருகிலுள்ள நூலகத்தில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். 1942இல் பத்து வயதுச் சிறுவனாக அந்த விமானங்களை அண்ணாந்து பார்த்தவருக்கு இப்போது 90 வயதைத் தாண்டிவிட்டது.